எல்லோருக்கும் வேலை தரும் சமூகப் பொருளாதாரம் நடைமுறையில் சாத்தியமா?

சாத்தியம்தான், இத்தாலியைப் பாருங்கள். லாபத்தைவிட மனிதர்களை முன்னால் வைக்கும் கூட்டுறவு போன்ற அமைப்புகளைத்தான் சமூகப் பொருளாதாரம் என்கிறோம். அங்கே ட்ரியெஸ்தே நகர மனநல மருத்துவமனையில் ஒரு காலத்தில் நோயாளிகள்தான் தரை துடைப்பது, துணி துவைப்பது எல்லாம். கூலி கிடையாது, கேட்டால் அது 'சிகிச்சை' என்பார்கள் (நல்ல சிகிச்சை!). 1971-இல் இயக்குநராக வந்த மருத்துவர் பிராங்கோ பசாலியா இதை ஏற்கவில்லை. செய்கிற வேலைக்குச் சம்பளம் வேண்டும் என்று அதே நோயாளிகளை உறுப்பினர்களாக வைத்து ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது, துப்புரவு ஒப்பந்தம் அந்தச் சங்கத்துக்கே போனது.

அப்புறம் 1991-இல் 381-ஆம் எண் சட்டம் வந்தது. அதன்படி 'பி' வகை சமூகக் கூட்டுறவில், அதாவது வேலை கிடைக்கத் திண்டாடுபவர்களுக்கு வேலை தருவதற்காகவே இருக்கும் சங்கத்தில், குறைந்தது 30 சதவீதத் தொழிலாளர்கள் மாற்றுத்திறனாளிகள், மனநலச் சிகிச்சை பெறுபவர்கள், போதையிலிருந்து மீள்பவர்கள் போன்றோராக இருக்க வேண்டும். பதிலுக்கு, அவர்களுக்காகக் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புச் சந்தாவில் விலக்கு உண்டு, ஒரு தொகை வரம்புக்குள் பூங்காப் பராமரிப்பு மாதிரி வேலைகளை வழக்கமான டெண்டர் விதிகளைத் தளர்த்தி உள்ளாட்சிகள் இந்தச் சங்கங்களுக்குக் கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால் இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். பயிற்சி கொடுத்துச் சான்றிதழை நீட்டிவிட்டு 'இனி உன் பாடு' என்று அனுப்புவதில் என்ன பிரயோஜனம், வேலை தர ஒருவர் வேண்டுமே! ஆனால் ஒரு சிக்கல், உள்ளாட்சி செலவைச் சுருக்கினால் இந்தச் சங்கங்களும் ஆட்டம் காணும்.