சமீப வருடங்களில் உங்களை மிகவும் சிரிக்க வைத்த தொழில்நுட்பச் செய்தி எது?

கேள்வியின் விளக்கத்தில் "நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும், வாட்ஸ்அப் கதை வேண்டாம்" என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல நிபந்தனை. ஏனென்றால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் நாம் எல்லோரும் பகிர்ந்து பகிர்ந்து சிரித்த சமாச்சாரங்களில் பல பொய். உண்மையில் நடந்ததோ அதைவிடப் பல மடங்கு வேடிக்கை.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி ஒரு சின்ன அப்டேட் அனுப்பி, உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் (விண்டோஸ் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுபோனால் வருகிற திரை) நின்ற நாள். நம்மூர் நேரப்படி காலை 9.39. அமெரிக்கா தூங்கிக்கொண்டிருந்தது, ஆஸ்திரேலியாவில் வெள்ளிக்கிழமை மதியம், நமக்கு ஆபீஸ் வந்து டீ குடித்துவிட்டு சிஸ்டத்தை ஆன் செய்கிற நேரம். 10.57க்கே கம்பெனி அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த ஒன்றே கால் மணி நேரச் சொச்சத்தில் சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. மொத்த விண்டோஸ் கணினிகளில் இது ஒரு சதவீதம்கூடக் கிடையாது. ஆனால் அந்த ஒரு சதவீதம் எங்கே உட்கார்ந்திருந்தது என்று பார்த்தால் விமான நிலையம், மருத்துவமனை, வங்கி, டிவி சேனல். இங்கிலாந்தில் ஸ்கை நியூஸ் சேனல் அன்று காலை ஒளிபரப்பவே முடியாமல் கொஞ்ச நேரம் நின்றது. இவ்வளவு பெரிய செய்தி நடக்கிறபோது செய்தி சேனலே ஓடவில்லை!

முதலில் பொய்களை ஓரமாக வைத்துவிடுகிறேன். "இன்று கிரவுட்ஸ்ட்ரைக்கில் எனக்கு முதல் நாள், ஒரு குட்டி அப்டேட் போட்டுவிட்டேன், மதியம் லீவு" என்று ஒருவர் அந்த ஆபீஸ் முன்னால் நிற்கும் படத்தோடு போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் பெல்ஜியத்துக்காரர், நையாண்டிச் செய்தித் தளம் நடத்துபவர், படம் ஒட்டுவேலை. கொஞ்ச நேரம் கழித்து "வேலை போய்விட்டது" என்றும் போட்டார், அதையும் நம்பியவர்கள் உண்டு. லாஸ் வேகாஸில் இருக்கிற ராட்சத உருண்டைக் கட்டடம் முழுக்க நீலத்திரை தெரிகிற படமும் போலி. அப்புறம் இன்றைக்கு வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற கதை, அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ஓடுவதால் தப்பித்தது என்பது. ஒருவர் எக்ஸ் தளத்தில் கிண்டலுக்குப் போட்டது செய்தித்தளங்கள் வரைக்கும் போய்விட்டது. சவுத்வெஸ்ட்டில் கிரவுட்ஸ்ட்ரைக் இல்லை, அதனால் அடி விழவில்லை, அவ்வளவுதான் விஷயம். என் நண்பர்களே இதை இன்னும் சத்தியம் செய்து சொல்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு விளக்கம்.

சரி, நிஜத்துக்கு வருவோம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபார்முலா 1 சமாச்சாரம். அந்த வார இறுதியில் ஹங்கேரியில் பந்தயம். மெர்சிடிஸ் அணியின் ஸ்பான்சர்களில் ஒருவர் சாட்சாத் கிரவுட்ஸ்ட்ரைக்கேதான். வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டத்துக்கு முன்னால் அணியின் திரைகளில் நீலம். காரில் பெரிதாகக் கம்பெனி பெயர், அந்தக் காரைக் கவனிக்க வேண்டிய திரையில் அதே கம்பெனியின் கைவண்ணம். இதை ஒருவர் கற்பனையாக எழுதியிருந்தால் "கொஞ்சம் ஓவர்" என்று சொல்லியிருப்போம்.

நம்மூர் பங்கும் உண்டு. இண்டிகோ கவுன்ட்டரில் உட்கார்ந்து பால்பாயின்ட் பேனாவால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். ஹைதராபாத்திலிருந்து கொல்கத்தா போன ஒரு பயணியின் கையெழுத்துப் போர்டிங் பாஸ் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. பெயர், விமான எண், சீட், எல்லாம் அழகாகக் கையால். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அதில் நிஜமான மரியாதை உண்டு. உலகத்தில் பல விமான நிலையங்களில் ஜனங்கள் தரையில் படுத்துக் காத்திருந்தபோது இங்கே யாரோ ஒரு கவுன்ட்டர் பெண், பேனாவை எடுத்து "சார் உங்க பேர் சொல்லுங்க" என்று வேலையை ஓட்டியிருக்கிறார்.

ஏன் இப்படி ஆனது என்பதுதான் எல்லாவற்றிலும் உச்சம். ஆகஸ்டில் கம்பெனி வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். அவர்கள் அனுப்புகிற அப்டேட்டில் இருப்பது தாக்குதலைக் கண்டுபிடிக்கும் விதிகள். அதில் ஒரு வகை விதிக்கு 21 தகவல்கள் தேவை என்று வரையறுத்திருந்தார்கள். தகவலைக் கொண்டுவந்து கொடுக்கும் பகுதியோ 20தான் கொடுத்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பந்தியில் இருபது இலைதான் போட்டிருக்கிறது, பரிமாறுகிறவர் கையில் இருக்கிற சீட்டில் 21 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 21வது இலைக்கு எதுவும் பரிமாற வேண்டாம் என்று சொல்லியிருந்த வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை, மாதக்கணக்கில் பந்தி நன்றாகவே நடந்தது. ஜூலை 19 அன்று வந்த புதிய விதிதான் முதல்முறையாக 21வதையும் பார் என்றது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. சாதாரண மென்பொருளாக இருந்தால் அது மட்டும் மூடிக்கொண்டிருக்கும். இது கர்னலுக்குள், அதாவது விண்டோஸின் அடிமடியில் ஓடுகிற மென்பொருள், அதனால் மொத்தக் கணினியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. அனுப்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டிய கருவி ஒன்றும் இருந்தது, அதுவும் 21 வரும் என்று நம்பிக்கொண்டு "பாஸ்" போட்டுவிட்டது.

இன்னொரு தகவல், இதை முதலில் கேட்டபோது என்னால் நம்பவே முடியவில்லை. 2010 ஏப்ரலில் மெக்காஃபி ஆன்டிவைரஸ் ஒரு அப்டேட் அனுப்பி, விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான கோப்பு ஒன்றை வைரஸ் என்று நினைத்துத் தூக்கி, உலகம் முழுக்கக் கணினிகளை முடக்கியது. அப்போது மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர் ஜார்ஜ் கர்ட்ஸ். 2024இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைமைச் செயல் அதிகாரி யார்? அதே ஜார்ஜ் கர்ட்ஸ்.

நான் ஐடி சப்போர்ட் வேலையில் இருப்பவன், அதனால் அந்த நாளின் இன்னொரு பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்டேட்டைத் திரும்பப் பெற்றது எல்லாம் சரிதான், விழுந்த கணினி தானாக எழாது. ஒவ்வொன்றிடமும் ஒரு ஆள் போய் சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடுகிற நிலையில்) திறந்து, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் கிரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டரைத் தேடி, 291 என்ற எண் வருகிற ஒரு கோப்பை அழிக்க வேண்டும். மேகக் கணினி (மைக்ரோசாஃப்டிடம் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கிற கணினி) வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி, ரீஸ்டார்ட் செய்யுங்கள், பதினைந்து தடவைகூட ஆகலாம் என்பது. இதைக் கேலி செய்யாத ஆளில்லை. ஆனால் அது வேலை செய்தது! நெட்வொர்க் கிடைத்து, விழுவதற்குள் சரியான கோப்பு இறங்கிவிட்டால் கணினி பிழைத்துக்கொள்ளும்.

டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு (டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாமல் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதற்கு 48 இலக்கச் சாவி வேறு. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு அதை நாங்கள் போனில் வாசித்தோம். திருப்பூரில் இருந்த ஒரு அக்கவுன்ட்ஸ் மேடத்துக்கு நான் ஆறு ஆறு எண்களாகச் சொல்ல, அவர் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, பக்கத்தில் அவர் பையன் கீபோர்டில் தட்டினான். பாதியில் அவன், "அங்கிள், ஏழா ஒன்னா? தெளிவா சொல்லுங்க" என்று என்னை அதட்டினான். "டேய், மரியாதையா பேசு" என்று மேடம் அவனை அதட்டினார். கடைசிக் கட்டம் முடிந்து திரை ஏற்றுக்கொண்டதும் அந்த வீட்டில் எழுந்த கைதட்டல் எனக்கு ஹெட்செட்டில் கேட்டது. ஆஸ்திரேலியாவில் கிராண்ட் தார்ன்டன் நிறுவனத்து ஐடி ஆட்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். சாவிகளை பார்கோடாக மாற்றி, கடையில் பில் போடும்போது காட்டுவார்களே, அந்த மாதிரி ஸ்கேனரால் "பீப்" அடித்து உள்ளே போனார்கள். விண்டோஸ் அந்த ஸ்கேனரை ஒரு கீபோர்டு என்றே நினைக்கும், அதனால் ஒரு எண்கூடத் தப்பாகாது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

இந்தச் சமயத்தில் வாடிக்கையாளர்களுக்கு உதவிய தன் ஊழியர்களுக்கும் கூட்டாளி நிறுவனத்தாருக்கும் நன்றி சொல்ல கிரவுட்ஸ்ட்ரைக் பத்து டாலர் ஊபர் ஈட்ஸ் கூப்பன் அனுப்பியது. ஏகப்பட்ட பேர் ஒரே கூப்பனைப் போட்டதும் ஊபர் இது மோசடி என்று நினைத்துத் தடுத்துவிட்டது. பாதுகாப்பு விற்கிற கம்பெனியின் நன்றிக் கூப்பனே மோசடி என்று மாட்டியது என்றால் சிரிக்காமல் என்ன செய்ய?

அதே ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் டெஃப்கான் ஹேக்கர் மாநாடு நடந்தது. அங்கே வருடத்தின் மாபெரும் சொதப்பலுக்கு ஒரு விருது கொடுப்பார்கள். பொதுவாக எந்தக் கம்பெனியும் அந்தப் பக்கமே வராது. கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிரசிடென்ட் மைக்கேல் சென்டோனாஸ் மேடையேறி அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டார். தலைமை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்போம் என்றார். இந்தச் செய்தியில் எனக்கு அந்தக் கம்பெனி மேல் கோபம் தணிந்த ஒரே இடம் இதுதான்.

அதற்குப் பிறகு நடந்தவை: விதி அப்டேட்டுகளை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் படிப்படியாக அனுப்புகிறார்கள், எப்போது வாங்குவது என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்யலாம். 2025இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11இல் நீலத்திரையைக் கறுப்பாக்குகிறோம் என்று அறிவித்தது, ஊரெல்லாம் அந்த நிறத்தைப் பற்றியே பேசியது. அதே அறிவிப்பில் இருந்த இன்னொரு விஷயத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. விழுந்த கணினிக்கு இணையம் வழியாகவே வைத்தியம் அனுப்பும் வசதி. எங்களை மாதிரி சப்போர்ட் ஆட்களுக்கு அதுதான் தலைப்புச் செய்தி. உங்கள் ஆபீஸில் விண்டோஸ் 11 இருந்தால் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று உங்கள் ஐடி ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.