ஸ்டுடபேக்கர் கார் கம்பெனி என்ன ஆனது? அதன் பெயர் ஏன் இன்னும் பேசப்படுகிறது?

அமெரிக்கக் கம்பெனியான ஸ்டுடபேக்கர் 1966-லேயே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் கார்களைக் கொண்டாட நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே வேலை பார்த்தவர்களின் பென்ஷன் கதை. அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை.

1852-ல் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் ஹென்றி ஸ்டுடபேக்கர், கிளமென்ட் ஸ்டுடபேக்கர் என்ற அண்ணன் தம்பி இருவரும் கொல்லுப்பட்டறை போட்டார்கள். இன்னொரு தம்பி ஜான், கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கூட்டத்தோடு போனவர். அங்கே சுரங்கக்காரர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்றே 8,000 டாலர் சேர்த்துக்கொண்டு 1858-ல் ஊர் திரும்பினார். தொழில் பெருகியது அந்தப் பணத்தில்தான். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு வண்டிகள் செய்தார்கள். 1902-ல் மின்சாரக் கார், 1904-ல் பெட்ரோல் கார். குதிரை வண்டி செய்தவர்களில் காருக்கு மாறி இவ்வளவு வளர்ந்தவர்கள் மிகக் குறைவு.

அழகில் அவர்களை மிஞ்ச முடியாது. 1950 மாடலின் மூக்கைப் பாருங்கள்: விமானத்தின் முனையைக் கழற்றி காரில் மாட்டியதுபோல் நடுவே கூம்பாக நிற்கும். வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் குழு வரைந்த 1953 கூப்பே (இரண்டு கதவு கார்) இன்றைக்குப் பார்த்தாலும் பழசாகத் தெரியாது. ஆனால் அழகு மட்டும் போதவில்லை. ஃபோர்டும் செவ்ரலேயும் போட்டி போட்டு விலையைக் குறைத்தபோது, கூலியும் உற்பத்திச் செலவும் கூடுதலாக இருந்த இந்தச் சின்னக் கம்பெனியால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1954-ல் பேக்கார்ட் என்ற இன்னொரு கார் கம்பெனியோடு இணைந்ததும் கைகொடுக்கவில்லை.

1963 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருக்கும்போது, சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடினார்கள். கனடாவின் ஹாமில்டனில் மட்டும் 1966 மார்ச் வரை தயாரிப்பு ஓடியது.

இனிதான் பென்ஷன். ஒவ்வொரு முறை ஊதிய ஒப்பந்தம் போடும்போதும் பென்ஷனை உயர்த்துவதாக வாக்குக் கொடுத்தார்கள். அதற்கான பணத்தைப் பல வருடங்களில் மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம் என்று கணக்கு. கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கணக்கு சரி. மூடியபோது நிதியில் போதிய பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் என்று சுமார் 3,600 பேருக்கு முழுப் பென்ஷன் கிடைத்தது. 40 முதல் 59 வயதுவரை இருந்த சுமார் 4,000 பேருக்கு, சேரவேண்டியதில் ஏறக்குறைய 15 சதவீதம்தான். அவர்களின் சராசரி சர்வீஸ் 20 வருடத்துக்கு மேல்! அதற்கும் இளையவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் மனதை அறுக்கிறது. அன்றைய சட்டமே அப்படித்தான் இருந்தது.

தொழிற்சங்கங்கள் இதை விடவில்லை. பத்து வருடம் இழுத்த பிறகு, 1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட எரிசா (ERISA) என்ற பென்ஷன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பென்ஷன் நிதியில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும், எத்தனை வருட சர்வீஸுக்குப் பிறகு பென்ஷனைப் பறிக்க முடியாது என்பதையெல்லாம் அது வரையறுத்தது. கூடவே ஒரு அரசு காப்பீட்டு நிறுவனமும் வந்தது. கம்பெனிகள் அதற்கு பிரீமியம் கட்ட வேண்டும். கம்பெனி நொடித்தால் ஒரு வரம்புவரை பென்ஷனை அது கொடுக்கும். 2005-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் திவால் வழக்கில் இருந்தபோது அதன் ஊழியர்களின் பென்ஷன் திட்டங்களை ஏற்றுக்கொண்டது இந்த நிறுவனம்தான்.