வாசகர் கேள்வி–பதில்: கடையும் பட்டறையும் வரலாற்றில்

கேள்வி: கடைக்காரர், தச்சர், செருப்புத் தைப்பவர் ஆகியோரைக் 'கீழ் நடுத்தர வர்க்கம்' என்ற ஒரே வகைக்குள் அடக்குவது பொருந்துமா? ஐரோப்பிய வரலாற்று நூல்களில் இவர்களைப் பற்றி அதிகம் காணவில்லையே, ஏன்?

பதில்: முற்றிலும் பொருந்தாது. ஆனாலும் அந்த வகைப்பாட்டுக்கு வலுவான நியாயம் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சிறு கடைக்காரரிடமும் பட்டறை உரிமையாளரிடமும் சொந்தமாகக் கொஞ்சம் முதல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட முடியாது, தாமும் வீட்டாரும் பாடுபட்டால்தான் அந்த முதல் வருமானம் தரும். ஆலை முதலாளி பிறர் உழைப்பை வாங்கினார், கூலித் தொழிலாளி தம் உழைப்பை விற்றார். இவர்களோ முதலையும் உழைப்பையும் ஒரே வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். குடும்பம் வேறு, தொழில் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாத அந்த நிலைதான் இவர்களை ஒன்றாக வைத்துப் பேச இடம் தருகிறது.

நூல்களில் இவர்கள் குறைவாகக் காணப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம், இவர்கள் மறைந்துபோகப் போகிறவர்கள் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதப்பட்டதுதான். பெருமுதலின் போட்டியைத் தாங்க மாட்டாமல் இவர்கள் படிப்படியாகத் தொழிலாளி வர்க்கத்துக்குள் இறங்கிவிடுவார்கள் என்று மார்க்சும் எங்கெல்சும் 1848ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்ட் அறிக்கையில் எழுதினார்கள். அவர்கள் வழியில் வந்த எடுவார்ட் பெர்ன்ஸ்டைனே 1899இல் ஜெர்மனியின் தொழிற் கணக்கெடுப்பு எண்களைக் காட்டி, சிறு நிறுவனங்கள் அப்படி ஒன்றும் அழிந்துவிடவில்லை என்று வாதிட்டார். தனித்தனிக் கடைகள் அடிக்கடி மூடப்பட்டன என்பது உண்மை. ஆனால் ஒன்று மூடிய இடத்தில் இன்னொன்று திறந்தது. கடையின் ஆயுள் குறைவாக இருந்ததைக் கண்டு கடைக்காரர் என்ற சமூகப் பிரிவே அழிகிறது என்று முடிவு கட்டியது தவறு என்பது என் கருத்து.

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சியை நடத்தியவர்கள் தொழிலாளர்கள் என்கிறார்கள் சிலர், சிறு முதலாளிகள் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

பதில்: பாரிஸ் தெருக்களைப் பொறுத்தவரை, இரண்டையும் பிரிக்கப் பார்ப்பதே குழப்பத்துக்குக் காரணம். 1789 ஜூலையில் பாஸ்டில் கோட்டையைக் கைப்பற்றியவர்களின் பட்டியல் ஒன்று உள்ளது. அதில் தச்சர்கள், மேசை நாற்காலி செய்வோர், பூட்டு செய்வோர், செருப்புத் தைப்போர் ஆகியோரே பெரும்பான்மை. மரவேலைக்குப் பெயர்பெற்ற சேந்த்-அந்துவான் புறநகர்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். பட்டறை உரிமையாளரும் அவரிடம் கூலிக்கு வேலை செய்தவரும் அருகருகே நின்றே போராடினார்கள்.

அதனால் அவர்கள் சமமானவர்களாக வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரொபெஸ்பியர் 1791 முதல் தங்கியிருந்தது மொரீஸ் துய்ப்ளே என்ற தச்சு மேஸ்திரியின் வீட்டில். புரட்சியில் ஊறிய குடும்பம்தான் அது. ஆனால் துய்ப்ளேவுக்குச் சொந்த வீடுகளின் வாடகையாக மட்டும் ஆண்டுக்கு 10,000 லிவருக்கு (அன்றைய பிரெஞ்சுப் பணம்) மேல் வந்தது. தம்மிடம் வேலை செய்த தொழிலாளி எவரையும் தம் தந்தை சாப்பாட்டு மேசையில் உடன் உட்கார விட்டதில்லை என்று அவருடைய மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சமத்துவத்துக்காகத் தெருவில் இறங்கிய ஒருவர் தம் வீட்டு மேசையில் படிநிலையைக் காத்துவந்த இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்தச் சமூகப் பிரிவின் இக்கட்டு முழுவதும் அதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

அந்த இக்கட்டு புரட்சிக்குள்ளேயே வெடித்தது. 1791 மார்ச்சில், யார் தொழில் செய்யலாம் என்பதை நெடுங்காலமாகத் தீர்மானித்துவந்த கைத்தொழில் சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. ஜூனில் வந்த லெ ஷப்லியே சட்டம், உரிமையாளரோ தொழிலாளரோ தத்தம் தொழில் நலனுக்காகக் கூட்டு சேர்வதையே தடை செய்தது. 1793 பிப்ரவரியில் மக்கள் மளிகைக் கடைகளுக்குள் புகுந்து, சர்க்கரை, சோப்பு, மெழுகுவத்தி, காப்பி ஆகியவற்றைத் தாங்களே குறித்த விலைக்கு விற்க வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அத்தியாவசியப் பண்டங்களின் விலைக்கும், கூடவே கூலிக்கும், சட்டப்படி உச்சவரம்பு விதிக்கப்பட்டது. விலைக்கு வரம்பு வந்தபோது கடைக்காரர் கொதித்தார். 1794 ஜூலையில் பாரிஸ் நகராட்சி கூலி வரம்பை அறிவித்தபோது தொழிலாளர் கொதித்தார்கள். சில நாட்களில் ரொபெஸ்பியர் வீழ்ந்தபோது அவரைக் காக்கத் தெரு திரண்டு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பெரிய முதல் எதுவும் இல்லாமல் ஒரு சிறு கடை எப்படித் தாக்குப்பிடித்தது?

பதில்: கடனால்தான். வாரக் கூலி பெறும் குடும்பத்துக்குக் கூலி நாளுக்கு முன்பே கை வறண்டுவிடும். நோய் வந்தாலும் வேலை நிறுத்தம் நீண்டாலும் கையில் எதுவுமே இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பியவர் தெருமுனைக் கடைக்காரர். அவர் மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து, வாடிக்கையாளருக்குக் கடனுக்கே கொடுத்தார். இரண்டு தவணைகளுக்கும் நடுவே நின்றுதான் பிழைப்பு நடத்தினார். யாருக்கு எவ்வளவு வரை பற்று எழுதலாம், எந்த வீட்டில் இந்த மாதம் வேலை போயிற்று, யார் கணக்கைத் தீர்க்காமல் இரவோடு இரவாக வீடு மாறிவிடுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரைப் பற்றிய அந்த அறிவே அவருடைய உண்மையான முதல். கண்டிப்பாக வசூலித்தால் வாடிக்கை போகும். இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் கடை திவாலாகும். தொழிலாளர் குடியிருப்பின் கடைக்காரர் சிலருக்குத் துணைவராகவும் வேறு சிலருக்குக் கொடுமைக்காரராகவும் தோன்றியதற்குக் காரணம் அவருடைய குணம் மட்டுமன்று.

இங்கிலாந்தின் ரோச்டேலில் 1844இல் 28 உறுப்பினர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடை, ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது என்று விதி வகுத்தது. கடனிலிருந்து தொழிலாளரை விடுவிப்பது உயர்ந்த நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கையில் ரொக்கம் இல்லாத மிக ஏழைகள் அந்தக் கடைக்குப் போக முடியவில்லை. அவர்கள் பழைய கடைக்காரரிடமே பற்று எழுதி வாங்கினார்கள். கூட்டுறவு வளர்ந்த ஊர்களிலும் சிறு கடைகள் அழியாமல் நின்றதை இதைக்கொண்டு ஓரளவு விளக்கலாம்.

மனைவியின் உழைப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணவர் பட்டறையில் இருக்கும்போது விற்பனையையும் கணக்கையும் வசூலையும் அவர்தான் பார்த்தார், கூலி இல்லாமல். பழைய கைத்தொழில் சங்கங்களில் பல, கணவரை இழந்த பெண் பட்டறையைத் தொடர்ந்து நடத்த அனுமதித்தன. வேலை அவருக்குத் தெரியும் என்பதை அவை அறிந்திருந்தன. பிரிட்டனின் 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, செருப்புத் தைப்பவரின் மனைவி, கடைக்காரரின் மனைவி என்று தனி வகைகளே வைத்து எண்ணியது. பின்வந்த கணக்கெடுப்புகள் அந்த வழக்கத்தைக் கைவிட்டன. உழைப்பு தொடர்ந்தது, பதிவுதான் நின்றுபோயிற்று.

கேள்வி: ஜெர்மனியில் ஹிட்லரை ஆட்சிக்குக் கொண்டுவந்தவர்கள் சிறு கடைக்காரர்களும் கைவினைஞர்களும்தான் என்று படித்தேன். அது உண்மையா?

பதில்: ஒரு பகுதி உண்மை. அதை முழு உண்மையாக்கியவர்கள் ஒரு சமூகப் பிரிவுக்கே களங்கம் சுமத்திவிட்டார்கள்.

உண்மையான பகுதியை முதலில் சொல்கிறேன். அரிஸ்தீத் பூசிக்கோ 1852இல் பாரிஸின் பான் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்து, அதைப் பெரும் பல்பொருள் அங்காடியாக வளர்த்தார். குறித்த விலை, வாங்காவிட்டாலும் உள்ளே வந்து பார்க்கும் உரிமை, பிடிக்காத பொருளைத் திருப்பித் தரும் வசதி ஆகியவை சிறு கடைக்காரரின் பேரத்தையும் பழக்கத்தையும் அடியோடு தாக்கின. 1888இல் பாரிஸ் கடைக்காரர்கள் பெரிய அங்காடிகளுக்கு எதிராகச் சங்கம் அமைத்தார்கள். 1900இல் ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யா அத்தகைய அங்காடிகளுக்குத் தனி வரி விதித்தது. முதல் உலகப் போருக்குப் பின் 1923ஆம் ஆண்டுப் பணவீக்கம் சேமிப்பைத் தின்றது. 1929க்குப் பின் வந்த மந்தம் வாடிக்கையாளரையே பறித்தது. நாஜிக் கட்சியின் 1920ஆம் ஆண்டுத் திட்டத்தில் 16ஆவது அம்சம், பெரிய அங்காடிகளை நகராட்சியுடைமையாக்கிச் சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவோம் என்றது. அந்த அங்காடிகள் பலவற்றின் உரிமையாளர்கள் யூதர்கள் என்பதால், வியாபாரப் போட்டியின் கசப்பை இனவெறியாக மாற்றுவது கட்சிக்கு எளிதாயிற்று. அந்த நஞ்சை விரும்பி ஏற்ற கடைக்காரர்கள் இருந்தார்கள். அதை மூடி மறைக்கக் கூடாது.

இனி மறுபக்கம். தாமஸ் சைல்டர்ஸ், யூர்கன் ஃபால்ட்டர் போன்ற ஆய்வாளர்கள் 1980களிலும் 1990களிலும் வாக்குக் கணக்குகளை நுட்பமாக ஆராய்ந்தபோது, நாஜிகளுக்கு எல்லாச் சமூகப் பிரிவுகளிலிருந்தும் வாக்கு விழுந்தது தெளிவாயிற்று. சிறு உடைமையாளரிடம் ஆதரவு கூடுதல்தான்; ஆனால் தொழிலாளர் வாக்குகளும் கணிசமாக இருந்தன. அதைவிட முக்கியமானது மதவழி வேறுபாடு: கத்தோலிக்கப் பகுதிகளின் வாக்காளர்களில், அங்குள்ள கடைக்காரர்கள் உட்பட, பெரும்பாலோர் கத்தோலிக்கர்களின் கட்சியான மத்தியக் கட்சியை விட்டு விலகவில்லை. தொழில் ஒன்றே, நெருக்கடியும் ஒன்றே, வாக்கு மட்டும் வேறு. நம்பத்தகுந்த வேறோர் அமைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன்.

கொடுத்த வாக்குறுதி என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். 1933இல் ஆட்சிக்கு வந்தபின் அங்காடிகள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்படவில்லை. ஹெர்மன் டீட்ஸ் என்ற பெரும் அங்காடி நிறுவனம் கடனில் தத்தளித்தபோது, வேலையிழப்புக்கு அஞ்சி ஹிட்லரின் ஒப்புதலுடனேயே அதற்குக் கடன் வழங்கப்பட்டது. அதன் யூத உரிமையாளர்கள் மட்டும் வெளியேற்றப்பட்டார்கள். கைவினைஞர்களுக்கு 1935இல் ஒன்று கிடைத்தது: மேஸ்திரித் தேர்வில் தேறியவரே சொந்தப் பட்டறை நடத்தலாம் என்ற விதி. சிறு கடைக்காரர் பெற்றது மிகக் குறைவு.

பிரான்சின் பியேர் பூஜாட் இயக்கத்தையும் சிலர் இதே தட்டில் வைக்கிறார்கள். சேன்-செரே என்ற சிற்றூரில் எழுதுபொருள் கடை வைத்திருந்த அவர், 1953இல் வரி அதிகாரிகளை எதிர்த்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைத் திரட்டினார். 1956 ஜனவரித் தேர்தலில் அந்த இயக்கம் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. அதில் யூத எதிர்ப்பும் இருந்தது என்பது உண்மை. ஆனால் 1958க்குப் பின் அந்த இயக்கம் கரைந்துபோயிற்று. வரிக் குறையில் பிறந்த எல்லாக் கோபமும் சர்வாதிகாரத்தில்தான் முடியும் என்பதற்கு அது சான்றாகாது.

கேள்வி: சொந்த முதல் இல்லாத அலுவலக எழுத்தர்களையும் கடைச் சிப்பந்திகளையும் ஏன் இந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள்?

பதில்: வருமானத்தால் அல்ல, வேறுபாட்டைக் காத்துக்கொள்ளும் விருப்பத்தால். ஜெர்மனி 1911இல் சம்பள ஊழியர்களுக்கென்று தனிக் காப்பீட்டுச் சட்டம் இயற்றி, அவர்களைக் கூலித் தொழிலாளரிடமிருந்து சட்டப்படியே பிரித்துவைத்தது. பிரிட்டனின் கடைச் சிப்பந்திகள் நிலையோ மிக மோசம்: 1886ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் வேலை நேரத்துக்கு வாரம் 74 மணி நேரம் என்று வரம்பு கட்டியதே ஒரு சீர்திருத்தமாகக் கருதப்பட்டது. கடை உரிமையாளர் தரும் விடுதியிலேயே தங்கி, அவர் விதித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டிய முறையை எதிர்த்துப் போராடியவர்களில் ஒருவர், தாமும் கடைச் சிப்பந்தியாக இருந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்ட்; 1929இல் அவர் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார்.

கேள்வி: எழுதும் வழக்கம் இல்லாத இம்மக்களின் வாழ்க்கையை எந்தச் சான்றுகளைக் கொண்டு அறிகிறார்கள்?

பதில்: எழுதவே இல்லை என்று சொல்ல முடியாது. 1738இல் பிறந்த பாரிஸ் கண்ணாடி வேலைக்காரர் ழாக்-லூயி மெனெத்ரா, வேலை தேடி ஊர் ஊராகச் சுற்றியது முதல் புரட்சி நாட்கள் வரை தம் கதையை நிறுத்தக் குறிகளே இல்லாமல் எழுதி வைத்தார். அது 1982இல்தான் அச்சேறியது. ஆனால் அத்தகையவர் அரிது. பெரும்பாலும் உதவுவன இறந்தவர் வீட்டுச் சொத்துப் பட்டியல்கள், வரிப் பதிவேடுகள், திவால் வழக்குகள். பிரான்சில் 1673ஆம் ஆண்டு ஆணை வணிகர்கள் கணக்குப் புத்தகம் வைத்திருப்பதைக் கட்டாயமாக்கியது. திவாலானவர் அதை வணிக நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த புத்தகங்கள் பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் ஏராளமாக உள்ளன. ஆய்வில் இறங்க விரும்பும் இளைஞர்கள் எந்த நாட்டைப் பற்றி எழுதினாலும், திவால் கோப்புகளிலிருந்து தொடங்குவது நல்லது. நன்றாக நடந்த கடையைக் காட்டிலும் நொடித்த கடைதான் தன் கணக்கை முழுமையாக விட்டுச் சென்றிருக்கிறது.