காலையில் கொஞ்சம் ஊசியும் நூலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, காலையில் கண் விழித்ததுமே கை போனைத் தேடுகிறது. அதை விட்டுவிட்டு அரை மணி நேரம் எம்ப்ராய்டரி போடலாம் என்று ஆரம்பித்தேன். ஆனால் எந்த டிசைன், என்ன நிறம் என்று யோசிப்பதிலும் நூல் சிக்கு எடுப்பதிலுமே நேரம் போய்விடுகிறது. மனசு அமைதியாகும் என்று உட்கார்ந்தால் எரிச்சலோடு எழுந்திருக்கிறேன். எனக்கு இது ஒத்துவராதோ?

பதில்: நிச்சயம் ஒத்துவரும். நீங்கள் காலையில் செய்கிற வேலையில் பாதி முதல் நாளே முடிந்திருக்க வேண்டியது. டிசைன் தேடுவது, துணியில் வரைவது, நிறம் சேர்த்துப் பார்ப்பது எல்லாம் மண்டையைக் குடைகிற வேலைகள், அதிலும் தூக்கக் கலக்கம் தெளியாத நேரத்தில் சின்ன முடிவுகூடப் பெரிய பாரமாகத் தெரியும். ஊசியைக் குத்தி எடுப்பது மட்டும்தான் காலைக்கு. மற்றதை எல்லாம் அங்கிருந்து துரத்திவிடுங்கள்.

நிறம் தேர்ந்தெடுக்க விடுமுறை நாளின் பகல் நல்லது. மஞ்சள் விளக்கொளியில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும், ராத்திரி எடுத்து வைத்த நூலைக் காலையில் பார்த்துவிட்டு மறுபடியும் குழம்ப வேண்டியிருக்கும். ஒரு டிசைனுக்கு வேண்டிய எல்லா நூலையும் ஒரே தடவையில் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள், டிசைன் முடிகிற வரை அந்த டப்பா மட்டும்தான் உங்கள் உலகம். அப்புறம் தூங்கப் போகும் முன் இரண்டு மூன்று ஊசிகளில் நூல் கோத்து ஊசிமெத்தையில் குத்தி வையுங்கள்.

சிக்கு விஷயத்துக்கு வருவோம். அநேகமாக நீங்கள் நூலை மிக நீளமாக வெட்டுகிறீர்கள். ஒரு முழம், அதாவது சுமார் 45 செ.மீ., அதற்கு மேல் வேண்டாம். நூல் துணிக்குள் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்கிறது, கொஞ்சம் முறுக்கேறுகிறது. நீளம் கூடக் கூட அந்த முறுக்கு தானாகச் சுருண்டு முடிச்சாகிவிடும். இன்னொன்று, வழக்கமான பருத்தி எம்ப்ராய்டரி நூலில் 6 இழைகள் இருக்கும். இரண்டு இழை வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்து இழுக்காதீர்கள், ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி எடுத்துப் பிறகு சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். தைக்கும்போது நூல் முறுக்கிக்கொண்டால் துணியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியைத் தொங்க விடுங்கள், அது தானே சுற்றி அவிழ்ந்துகொள்ளும். (இதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம்.)

போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். மணி பார்க்க, அலாரம் வைக்க, வீடியோ பார்த்துத் தைக்க என்று எந்தக் காரணத்துக்காகக் கையில் எடுத்தாலும் பழைய கதைதான். நேரத்துக்கு நூலையே கணக்காக வைத்துக்கொள்ளலாம், கோத்து வைத்த ஊசிகளில் நூல் தீர்ந்ததும் எழுந்துவிட வேண்டும். ஒரு வரியை முழுசாக முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று பிடிவாதம் வேண்டாம். பாதியில் விட்டால் நாளை எங்கே தொடங்குவது என்று யோசிக்கவும் வேண்டியதில்லை.

கேள்வி: பள்ளியில் படித்தபோது கற்றுக்கொண்டதில் ஓட்டுத் தையலும் சங்கிலித் தையலும்தான் நினைவில் இருக்கின்றன. இவை போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டிக்கொண்டே போகும் ஓட்டுத் தையலை மட்டும் வைத்தே ஒரு துணி முழுவதையும் வரி வரியாக நிரப்பலாம், ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால் காலை நேரத்துக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. சங்கிலித் தையலில் நூலை இறுக்கி இழுக்காதீர்கள், கண்ணி கொஞ்சம் உருண்டையாக நிற்க வேண்டும். கடைசிக் கண்ணியின் தலையில் ஒரு குட்டித் தையல் போட்டுப் பூட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மொத்தச் சங்கிலியும் உருவிக்கொண்டு வந்துவிடும். மூன்றாவதாக ஒன்று வேண்டுமானால் காம்புத் தையல் கற்றுக்கொள்ளுங்கள். நூலை எப்போதும் கோட்டின் ஒரே பக்கத்தில் ஒதுக்கி வைத்துத் தைத்தால் கயிறு திரித்ததுபோல அழகாக வரும். ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சு, இடைவெளி விடாமல் நிரப்பும் சாட்டின் தையல், கட்டம் எண்ணிப் போடும் கிராஸ் தையல் இவற்றை மாலைக்குத் தள்ளிவிடலாம் என்பது என் கருத்து. ஒரு கட்டம் தப்பினால் பிரிக்க வேண்டும், பிரிக்கும்போது அமைதி எங்கே இருக்கும்? எண்ணுவதே இதமாக இருக்கிறது என்பவர்களும் உண்டு. அவர்கள் தாராளமாக எண்ணட்டும்.

கேள்வி: எனக்கு வயது 56. காலையில் விரல்கள் மரத்ததுபோல இருக்கின்றன, ஊசியில் நூல் கோக்கவும் கண் தெரியவில்லை. ஆசையை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் அம்மா. நூல் கோக்கும் வேலையைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், நூல் கோப்பான் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எம்ப்ராய்டரி ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும், 8, 9 என்று போகாமல் 5-ஆம் எண் எடுத்தால் காது பெரிதாக இருக்கும். விரல்களை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்துவிட்டு உட்காருங்கள். துணியை இழுத்துப் பிடிக்கும் எம்ப்ராய்டரி வளையம் 5 அல்லது 6 அங்குலம் இருந்தால் போதும், அதையும் கையில் இறுக்கிப் பிடிக்காமல் மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் சாய்த்துக்கொள்ளுங்கள். வலது கைக்காரர் என்றால் ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் தையலில் விழாது. அவ்வப்போது தலையை நிமிர்த்தித் தூரத்தில் இருக்கும் எதையாவது பாருங்கள். விரல் இறுக்கம் தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு வீங்கியிருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அதை வயசு என்று ஒதுக்கக் கூடாது.

கேள்வி: நான் தைப்பதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "இதை விற்கலாமே, சும்மா ஏன் போடுகிறாய்" என்கிறார்கள். விற்கட்டுமா?

பதில்: விற்பதில் தப்பே இல்லை, கைவேலைக்குக் காசு கிடைப்பது நல்ல விஷயம். ஆனால் அந்தக் காலை நேரத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள். ஆர்டர் என்று ஒன்று வந்ததும் கூடவே ஒரு தேதி வரும், இன்னொருவர் கேட்ட நிறம் வரும், தையல் கோணினால் பயம் வரும், அப்புறம் காலை ஐந்தரை மணிக்கே அலுவலகம் திறந்தாற்போல ஆகிவிடும். ஆர்டர் எடுப்பதாக இருந்தால் அதற்கு வேறு நேரம், வேறு துணி, வேறு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காகப் போடுகிறாய் என்று கேட்டால் எனக்காக என்று சொல்லிவிட்டு அடுத்த தையலைப் போடுங்கள். விளக்கம் கொடுக்கிற கடமை உங்களுக்கு இல்லை.

கேள்வி: சில நாள் தைக்காமல் விட்டால் துணியில் வளையத்தின் தடம் விழுந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: எழுந்திருக்கும்போதே வளையத்தைக் கழற்றிவிடுங்கள், மாட்டுவதை முதல் நாள் இரவு வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். உள்வளையத்தைச் சுற்றிப் பருத்தி நாடா சுற்றினால் துணியும் வழுக்காது, தடமும் குறையும். ஏற்கனவே விழுந்த தடத்துக்கு, நூல் சாயம் போகாது என்று பார்த்துக்கொண்டு துணியை லேசாக ஈரமாக்கி, தடிமனான துண்டின்மேல் தையல் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி விரித்து, பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். ஊசியைத் துணியிலேயே விட்டுவைக்காதீர்கள், துருக்கறை பிடித்தால் போக்குவது கஷ்டம்.