கரண்ட் பில் தகராறுக்காக வாடகையை நிறுத்தலாமா?

வாசகி கேட்டது, சுருக்கமாக: பினாங்கு பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒன்பது மாதமாக வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை 1,300 வெள்ளி, ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு. மின் கணக்கு வீட்டுக்காரர் பெயரில். முதல் ஆறு மாதம் கரண்ட் பில் 150 வெள்ளியை ஒட்டி வந்தது. கடந்த மூன்று மாதமாக 570 வெள்ளி. வயர்மேன் வந்து பார்த்தபோது, சீலிங்குக்கு மேலே இருக்கும் பழைய தொட்டி ஹீட்டரின் வால்வு பழுதாகிச் சுடுதண்ணீர் குழாய் வழியாக வெளியே ஒழுகிக்கொண்டே இருப்பதும், ஒழுக ஒழுக ஹீட்டர் காய்ச்சிக்கொண்டே இருப்பதும் தெரிந்தது. வீட்டுக்காரர் தண்ணீர்மலைக் கோயிலில் பழகியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்களாம். போனில் சொன்னபோது ‘பார்க்கலாம்மா’ என்றவர், பிறகு ‘ஓடின கரண்டுக்கு நீங்கதான் கட்டணும்’ என்றிருக்கிறார். அவர் மனைவி, இவர்கள் ஏர்கோனை நாள் முழுக்கப் போடுவதாக நாலு பேர் முன்னால் பேசியிருக்கிறார். கணவர் கோபத்தில் இரண்டு மாத வாடகையை நிறுத்திவிட்டார். 14 நாளில் கட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று வக்கீல் நோட்டீஸ் வந்து ஒன்பது நாள் ஆகிறது.

பதில்:

சகோதரி, உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் ஐந்தரைப் பக்கம் அந்த அம்மா பேசிய பேச்சைப் பற்றியது. மனம் புண்பட்டிருப்பது புரிகிறது, ஆனால் நீதிமன்றத்தில் அதற்கு இடமில்லை. அண்ணன் என்று பழகியவர் இப்படிச் செய்யலாமா என்பதற்கும் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் உங்கள் வழக்கு: இரண்டு மாத வாடகை கட்டவில்லை.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தப் படத்தில், வாடகையை ‘எந்தக் கழிவும் இல்லாமல்’ மாதம் ஏழாம் தேதிக்குள் செலுத்த வேண்டும் என்று இருக்கிறது. மின் கட்டணம் குடியிருப்பவர் பொறுப்பு என்பது வேறொரு பிரிவில். ஹீட்டரை யார் பழுது பார்க்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நம் மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. அதனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்தான் பெரும்பாலும் உங்களுக்குச் சட்டம். அந்தத் தாளின்படி, பில் தகராறு ஒரு பக்கம் நடக்கலாம், வாடகை அதற்காகக் காத்திருக்காது. பில்லில் உங்கள் பக்கம் நூற்றுக்கு நூறு நியாயம் இருந்தாலும், வாடகையில் இன்றைக்கு நீங்கள் ஒப்பந்தத்தை மீறியவர்.

பல குடும்பங்கள் விழுந்ததை நான் பார்த்த குழி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கரண்ட் பில் பாக்கிப் பணத்தை ஒரு வீட்டுக்காரர் சுலபமாக வசூலித்துவிட முடியாது. சாதாரணக் கடன்போல வழக்குப் போட வேண்டும், ஹீட்டர் பழுதுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாடகை பாக்கி அப்படியல்ல. 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின்கீழ், உங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலேயே அவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாரண்ட் வாங்கலாம். 12 மாதம் வரையிலான வாடகை பாக்கிக்கு அமீனா வந்து டிவி, ஃபிரிட்ஜ் என்று பட்டியல் எழுதுவார். அந்தச் சட்டம் வாடகைக்கு மட்டும்தான் பொருந்தும். பில் சண்டையாக மட்டும் இருந்தவரை அவர் கையில் இல்லாத ஆயுதத்தை, வாடகையை நிறுத்தி உங்கள் கணவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அதைவிடப் பெரிய ஆபத்து கெடு முடிந்த பிறகு வருவது. ‘கோர்ட் ஆர்டர் இல்லாமல் நம்மை வெளியே அனுப்ப முடியாது’ என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சரிதான், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 7(2)ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பூட்டை மாற்றி உங்களைத் தெருவில் நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. ஆனால் மைத்துனர் 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டத்தின் 28(4)ஆம் பிரிவைச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முறைப்படி முடிந்த பிறகும் வீட்டை ஒப்படைக்காமல் இருந்தால், ஒப்படைக்கும் நாள்வரை வீட்டுக்காரர் இரட்டை வாடகை கேட்கலாம். பலர் 7(2)ஐ மட்டும் கேட்டுவிட்டுத் தைரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வழக்கு ஏழு எட்டு மாதம் இழுக்கிறது. தீர்ப்பு நாளில்தான் தொகை கண்ணில் படுகிறது. உங்கள் கணக்கையே போடுங்கள். மாதம் 2,600 வீதம் ஏழு மாதத்துக்கு 18,200 வெள்ளி. பழைய பாக்கி 2,600. அதன்மேல் வழக்குச் செலவுத்தொகை. நீங்கள் சண்டை போடும் பில்லின் அதிகப்படியோ மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சுமார் 1,260 வெள்ளி.

ஜார்ஜ் டவுன் பக்கம் வயதானவர்கள் சிலர் இன்னும், வீட்டுக்காரர் வாடகைக்காரரைத் தொட முடியாது என்று பேசுவதைக் கேட்கிறேன். அது போருக்கு முன் கட்டிய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நினைவு. அந்தப் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டு பிறந்தபோதே போய்விட்டது. உங்கள் அடுக்குமாடிக்கு அது எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டவில்லை, அதனால் செல்லாது என்பதும் வேண்டாம். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது, அவ்வளவுதான். அவர் அபராதத்தோடு வரியைக் கட்டிவிட்டால் அந்தத் தடையும் நீங்கிவிடும். அதேபோல் ‘டெப்பாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி அனுப்புவதும் வாடகை கட்டியதாகாது. டெப்பாசிட் அவர் கையில் இருக்கும் பிணை. கழிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீங்களல்ல.

ஆகவே 2,600 வெள்ளியை நாளைக்கே வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், கோயிலில் வைத்துக் கொடுக்கவே வேண்டாம். அனுப்பியதும் அவருடைய வக்கீலுக்கு ஒரு கடிதம்: ‘நோட்டீசில் கேட்ட வாடகை முழுவதும் செலுத்தப்பட்டது, மின் கட்டணம் குறித்த எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.’ இந்த இரண்டு வரி போதும். அவர் வாங்க மறுத்தாலும், கெடுவுக்குள் அனுப்பியதற்கான அத்தாட்சி உங்களிடம் இருக்கும். பில் பணத்தைக் கேட்கும் உரிமை இதனால் செத்துப்போகாது. ஒப்பந்தம் சார்ந்த கோரிக்கைக்கு ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இரண்டு மாத வாடகையைப் பிடித்து வைத்து அதை இந்த வாரத்திலேயே வசூலிக்க வேண்டிய அவசரம் ஒன்றுமில்லை.

இனி அந்த 1,260 வெள்ளி. மீட்டரில் ஏதோ மோசடி என்று நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள், நீங்கள் ஏர்கோனை ஓட்டுகிறீர்கள் என்று அவர்கள் சந்தேகப்படுகிறார்கள். இரண்டும் இல்லாமலேயே கணக்கு சரியாக வருகிறது. 3 கிலோவாட் ஹீட்டர் ஒரு நாளில் மொத்தம் எட்டு மணி நேரம் ஓடினால் 24 யூனிட், மாதம் 720 யூனிட். உங்கள் வழக்கமான 480ஓடு சேர்த்தால் 1,200. யூனிட் இரண்டரை மடங்குதான் ஏறியது, பில் ஏன் நாலு மடங்கை நெருங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், குறைவாகப் பயன்படுத்துவோருக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஊக்கக் கழிவு உண்டு. பயன்பாடு ஏற ஏற அது குறைந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமலே போகிறது. 600ஐத் தாண்டினாலே மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் (retail charge) சேவை வரியும் வந்து சேர்கின்றன. ஒழுகிய சுடுதண்ணீருக்கு மட்டுமல்ல, வழக்கமாக ஓடும் 480 யூனிட்டுக்கும் நீங்கள் கூடுதல் விலை கொடுத்திருக்கிறீர்கள்.

இதை நிரூபிப்பது சுலபம். இன்றே அந்த ஹீட்டரின் சுவிட்சை அணையுங்கள். அணைத்த நாள் மீட்டர் எண்ணைத் தேதியோடு படம் எடுங்கள். ஏழு நாள் தினமும் எடுங்கள். வயர்மேன் வாயால் சொன்னதை அவர் பெயர், பதிவு எண்ணோடு எழுதி வாங்குங்கள். இதில் உங்கள் பலவீனம் ஒன்று இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். வீட்டுக்காரருக்குப் போனில்தான் சொன்னீர்கள். எழுத்தில் முதலில் தெரிவித்தது மூன்றாவது பில் வந்த பிறகு, வாட்ஸ்அப்பில். அதற்கு முந்தைய மாதங்களுக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொன்னால் மறுப்பது கடினம். பழுது என்று தெரிந்த பிறகும் ஹீட்டரை அணைக்காமல் விட்ட நாள்களின் பில்லை எந்த மாஜிஸ்திரேட்டும் அவர் தலையில் கட்டமாட்டார்.

அதனால் என் கருத்து: சமாதானமாகப் போங்கள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு வழக்காக, 198ஆம் படிவத்தை நிரப்பி நீங்களே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போடலாம்தான். ஆனால் மேலே சொன்ன பலவீனத்தோடு போனால் பாதி கிடைத்தாலே நல்ல தீர்ப்பு. அந்தப் பாதியை இப்போதே கேளுங்கள். அதிகப்படியில் 630 வெள்ளி அவர் ஏற்பது, பழைய தொட்டியைக் கழற்றிவிட்டு அவர் செலவில் உடனடிச் சூடு ஹீட்டர் பொருத்துவது, நோட்டீசைத் திரும்பப் பெறுவது. ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கணவருக்கு இது தோல்விபோலத் தெரியலாம். மீதி பதினைந்து மாதம் அந்த வீட்டில் பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கப்போவது நீங்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

பேச்சுவார்த்தையில் அவர் ஒன்று கேட்கக்கூடும்: ‘மின் கணக்கை உங்கள் பெயருக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.’ உடனே தலையாட்டாதீர்கள். உங்களுக்கு முன் இருந்தவர்கள் இரண்டு ஏர்கோனோடு 60 வெள்ளிதான் கட்டினார்கள் என்று உங்களுக்குச் சாதகமாக எழுதியிருக்கிறீர்களே, என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். அவ்வளவு குறைந்த பில்லுக்கு மீட்டரில் கைவைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மின் வழங்கல் சட்டம் 38ஆம் பிரிவின்கீழ், மீட்டரில் யாரோ கைவைத்ததால் ஏற்பட்ட இழப்பை மின் நிறுவனமான தெனாகா பதிவுபெற்ற பயனீட்டாளரிடம் கேட்கும். கைவைத்தது யார் என்பது அந்தக் கோரிக்கைக்கு முக்கியமில்லை. இன்றைக்கு அந்தப் பயனீட்டாளர் வீட்டுக்காரர். கணக்கு அவர் பெயரில் இருக்கும்போதே தெனாகாவுக்கு எழுதி மீட்டரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முடிவு எழுத்தில் உங்கள் கைக்கு வந்த பிறகு பெயர் மாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.