மதியம் இரண்டு மணிக்கு நாயோடு இருக்கப்போவது யார்?

கேள்வி: திருச்சி உறையூரில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். நானும் கணவரும் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவோம். மகளுக்கு 8 வயது. மாமனார் வீட்டில் இருக்கிறார், அவருக்கு 72. கணவருக்கு ராஜபாளையம் நாய் மீது ஆசை. மகள் ஹஸ்கிதான் வேண்டும் என்கிறாள். எனக்கு லாப்ரடார் பிடிக்கும். நீங்கள் பல இன நாய்களை வளர்த்தவர். எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். மாமனார் வீட்டில் இருக்கிறார் என்பதுதான் அந்த வரி. நாய் வேண்டும் என்று கேட்கும் மூவரும் பகலில் வெளியே போய்விடுகிறீர்கள். பகல் முழுவதும் நாயோடு இருக்கப்போகிறவரின் விருப்பம் மட்டும் கடிதத்தில் இல்லை. ஆகவே அவரை நடுவில் வைத்தே பதில் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவராக இருந்து நான் கற்றதைவிட, என் வீட்டில் வளர்ந்த நாய்களிடம் கற்றது அதிகம். ஓர் இனம் எந்த வேலைக்காக வளர்த்தெடுக்கப்பட்டதோ, அந்த வேலை அதன் ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும். அந்த வேலைக்கு நம் வீட்டில் இடம் இல்லையென்றால் அது செருப்பைக் கடிப்பதாகவும், ஓயாத குரைப்பாகவும், சுவர் ஏறிக் குதிப்பதாகவும் வெளியே வரும். நாய் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்பட்ட நாய்களில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் தவித்தவைதான்.

நான் வளர்ந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். வீட்டில் கன்னி நாய் இருந்தது. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலும் காலிலும் பழுப்பு. வீரி என்று பெயர். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். தூரத்தில் ஏதோ ஒன்று அசைந்தால் போதும், நாம் கூப்பிடுவது காதில் ஏறாது. காட்டில் அந்த ஓட்டத்தைப் பார்ப்பது கண்கொள்ளாக் காட்சி. பிறகு வேலைக்காக மதுரைக்கு வந்தபோது வீரியின் வழிவந்த ஒரு குட்டியைக் கொண்டுவந்தேன். ஒரு வயதில், ஒரு பூனையைப் பார்த்து ஐந்தடி மதிலைத் தாண்டிச் சாலையில் பாய்ந்தது. லாரி அடிக்காமல் தப்பியது அதன் அதிர்ஷ்டம். மறுவாரமே அதை ஊருக்கு அனுப்பிவிட்டேன். அங்கே பதிமூன்று வயதுவரை வாழ்ந்தது.

ராஜபாளையம் கொஞ்சம் வேறு. உயரமான, வெள்ளை வெளேரென்ற, மூக்கு ரோஜா நிறத்தில் உள்ள அந்த நாயை 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையில் வெளியிட்டது. கணவரின் ஆசை எனக்குப் புரிகிறது, எனக்கும் அதே ஆசை இருந்தது. தோட்டமும் சுற்றுச்சுவரும் உள்ள வீட்டுக்கு அதைப் போன்ற காவல் கிடையாது. ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால் உயிரையே கொடுக்கும். ஆனால் அந்நியரை எளிதில் ஏற்காது. பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், மகளின் தோழிகள் எனப் படியேறி வரும் எல்லோரும் அதன் கண்ணுக்கு அத்துமீறுபவர்கள்.

இந்த இனத்தில் செவிட்டுத்தன்மையும் உண்டு. உடம்பை வெள்ளையாக்கும் அதே மரபுக்கூறு சில குட்டிகளில் உள்காதுக்குத் தேவையான நிறமிச் செல்களையும் இல்லாமல் செய்துவிடுகிறது. அந்தச் செல்கள் இல்லாவிட்டால் கேட்கும் உறுப்பு பிறந்த சில வாரங்களிலேயே செயலிழந்துவிடும். 1988-இல் நான் வாங்கிய பாண்டிக்குக் காது கேட்காது. மருத்துவம் படித்த நானே வாங்கும்போது சோதிக்கவில்லை, அதன் வாட்டமான முகத்தைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கைச்சைகையில் எல்லாம் கற்றுக்கொண்டான். ஆனால் தூங்கும்போது தொட்டால் பயந்து வாய் வைப்பான். அவன் இருந்தவரை, தரையை இரண்டு முறை காலால் தட்டி அதிர்வு கொடுத்த பிறகே அவனை எழுப்பினோம். 8 வயதுக் குழந்தைக்கு அந்தப் பொறுமையைக் கற்றுத்தரலாம். ஆனால் இருட்டில் எழுந்து நடக்கும் ஒரு முதியவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கணவர் எப்போதாவது ராஜபாளையம் வாங்கினால், குட்டிக்குப் பின்னால் நின்று, அதன் கண்ணில் படாமல் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் வைத்துச் சோதிக்கக் கூடாது, தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மற்ற குட்டிகள் திரும்பினால் கேட்காத குட்டியும் சேர்ந்து திரும்பிவிடும்.

ஹஸ்கி பற்றி மகளிடம் நானே பேசியிருந்தால் அலாஸ்காவின் நோம் நகரக் கதையைச் சொல்லியிருப்பேன். 1925-இல் அங்கே தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, நாய் வண்டிகள்தாம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பனியில் மாறி மாறி ஓடி மருந்தைக் கொண்டுசேர்த்தன. அப்படிப்பட்ட குளிரில் ஓடுவதற்கென்றே இரண்டு அடுக்கு ரோமத்தோடு பிறந்த நாய் அது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றும். மே மாதத்துத் திருச்சியில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், மின்சாரம் போன மதியத்தில் அதன் நிலையை எண்ணிப் பாருங்கள். மகளுக்கு அந்த நாயைப் பிடித்திருக்கிறது என்றால் அது துன்பப்படுவதையும் அவள் விரும்பமாட்டாள். குழந்தைகள் இதை நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

பக் நாயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மாடி வீடு என்றதும் யாராவது உங்களுக்கு அதைச் சொல்வார்கள். சப்பை மூக்கால் அதற்கு வெப்பம் வெளியேறும் அளவுக்குச் சரியாக மூச்சிரைக்க முடியாது. கோடைதோறும் நாக்கு நீலம் பாய்ந்த பக் நாய்களைக் கையில் ஏந்தி ஓடிவந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லா நாய்களையும் காப்பாற்ற முடியவில்லை. வேண்டாம்.

நீங்கள் விரும்பும் லாப்ரடாருக்கு வருவோம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு கடலில் நீந்தி வலையையும் கயிற்றையும் இழுத்துவந்த நாய்களின் வழிவந்தது. குணத்தில் குறையே சொல்ல முடியாது. எங்கள் சோமு என் மகனின் பள்ளிப்பருவம் முழுவதும் அவன் கட்டிலுக்குக் கீழேதான் தூங்கினான். ஆனால் பசி அடங்காது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, போதும் என்று மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை. தாத்தாக்கள் கையில் வளரும் லாப்ரடார்கள் ஒவ்வொரு இட்லிக்கும் வாலாட்டி, நான்கு வயதில் 45 கிலோவாகிவிடுகின்றன. அதன்பின் இடுப்பு மூட்டு தேய்ந்து படியேற முடியாமல் போகும். முதல் மாடி வீட்டில் அப்படிப்பட்ட நாயைத் தினமும் யார் தூக்கிக்கொண்டு இறங்குவது? அதைவிட முக்கியமானது, 30 கிலோ நாய் தெருநாயைப் பார்த்து ஓர் இழுப்பு இழுத்தால் 72 வயதில் நிலைகுலையாமல் நிற்க முடியாது. முதுமையில் இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வீட்டின் நிலை என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே என் முடிவு இது. எந்த இனத்தின் குட்டியும் உங்களுக்கு இப்போது வேண்டாம். இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை இரண்டு மணி நேரம்கூட அடக்க முடியாது, கடித்துக்கொண்டே இருக்கும், அதன் பின்னால் ஓட ஓர் ஆள் வேண்டும். இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த, 15 கிலோவைத் தாண்டாத பெண் நாட்டு நாயைத் தத்தெடுங்கள். அந்த வயதில் குணம் தெளிவாகத் தெரிந்துவிடும், வளர்ந்தபின் எப்படி இருக்குமோ என்ற கவலை இல்லை. நம் வெயில் அதற்குப் புதிதல்ல. இன்று என் காலடியில் படுத்திருக்கும் செவலை அப்படி வந்தவள்தான். இத்தனை நாய்களுக்குப் பிறகு, முதியவர் இருக்கும் வீட்டுக்கு இவளைப் போன்ற ஒரு நாயைத்தான் நான் மனமார நம்புகிறேன். சிறிய நாய்தான் வேண்டும் என்றால், நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கப்படும் ஸ்பிட்ஸ் பரவாயில்லை. குரைப்பு அதிகம், ஆனாலும் பல தலைமுறைகளாக இங்கேயே வளர்ந்த நாய்.

தத்தெடுக்கப் போகும்போது மாமனாரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் கையில் கயிற்றைக் கொடுத்துப் பத்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். உணவுத் தட்டின் அருகே ஆள் போனால் உறுமுகிறதா, சத்தம் கேட்டால் நடுங்குகிறதா என்று பாருங்கள். ஒரு நாளில் முடிவெடுக்காமல் மூன்று முறையாவது போய்வாருங்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரமே வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றைச் சரிபார்த்து, இல்லையென்றால் போட்டுவிடுங்கள். ஆண்டுதோறும் அதைத் தொடர வேண்டும். உண்ணிக்கு மாதாமாதம் மருந்து தேவை. சாப்பிடாமல் சோர்ந்து கிடந்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலை ஐந்தரைக்கு உங்களில் ஒருவர், மாலை ஏழுக்கு மற்றொருவர் நாயை வெளியே அழைத்துப் போக வேண்டும். மதியம் மாமனாரைப் படியிறங்க வைக்காதீர்கள். மொட்டை மாடி உங்கள் பயன்பாட்டில் இருந்தால், நிழல் விழும் மூலையில் ஒரு மணல் தட்டு வைத்துப் பழக்குங்கள். தரை சுடுகிறதா என்று முதலில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விடுமுறை நாட்களில் அது அவள் பொறுப்பாக இருக்கட்டும்.