குட்டிப் பிள்ளைகளுக்கு ரோபோ பிளாக்கில் புரோகிராமிங்: கேள்வி பதில்

கேள்வி: பையனுக்கு நாலு வயசு, படிக்கவே தெரியாது. இப்போதே இதெல்லாம் தேவையா அக்கா?

பதில்: படிக்கத் தெரிய வேண்டாம். கீபோ என்ற ரோபோவுக்குத் திரையே கிடையாது. மரக்கட்டைகளைக் கோத்து, அவற்றின் பார்கோடுகளை ரோபோவிடம் காட்டி, பட்டனை அமுக்கினால் அந்த வரிசைப்படியே நடக்கும். எது முதலில், எது அடுத்து என்பதுதான் இந்த வயதுக்குப் பாடம், அது போதும்.

கேள்வி: கியூப்லெட்ஸ் என்ற ரோபோ பிளாக்குகள் வாங்கினோம். காந்தத்தில் ஒட்டினால் தானாக ஓடுகிறது. கட்டளை எதுவும் எழுதவில்லையே, இதில் புரோகிராமிங் எங்கே இருக்கிறது?

பதில்: அடுக்குவதுதான் புரோகிராம். பேட்டரி, தூரம் அறியும் சென்சார், சக்கர பிளாக் மூன்றையும் சேர்த்து, சென்சார் முன்னால் கையைக் கொண்டுபோங்கள். கை நெருங்க நெருங்க வேகம் கூடும். சக்கர பிளாக்கை மட்டும் கழற்றித் திருப்பி மாட்டினால், கையை நோக்கி வந்த அதே வண்டி கையைக் கண்டதும் பின்வாங்கி ஓடும்! அடுத்து சென்சாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இன்வர்ஸ் பிளாக்கை வையுங்கள், வண்டியின் குணமே மாறிவிடும்: எதிரே ஒன்றும் இல்லாதபோது ஓடும், ஏதாவது நெருங்கினால் வேகம் குறையும். சென்சார் அனுப்புவது 0 முதல் 255 வரையிலான ஓர் எண், பொருள் பக்கத்தில் வந்தால் எண் கூடும், இன்வர்ஸ் அதைத் தலைகீழாக்குகிறது, அவ்வளவுதான். ஆனால் இதைப் பிள்ளையிடம் விளக்க ஆரம்பித்துவிடாதீர்கள். மாட்டும் முன் "இப்போ என்ன செய்யும்னு நினைக்கிறே?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த பிளாக் தொகுப்பையே (கிட்) வாங்குகிறோம் என்பேன்.

கேள்வி: ஓடவில்லை என்றால் மகள் அழுகிறாள், நானே சரிசெய்து கொடுத்துவிடுகிறேன். சரியா?

பதில்: வேண்டாம், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரி ஆன் ஆகியிருக்கிறதா என்று அவளே பார்க்கட்டும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு பிளாக்கை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. பெரிய புரோகிராமர்களும் இப்படித்தான் பிழை தேடுகிறார்கள், அதை ஆறு வயதில் பழகுவது எவ்வளவு பெரிய விஷயம்! ரொம்ப அழுதால் எடுத்து வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

கேள்வி: ரோபோவை வலது பக்கம் திருப்பச் சொன்னால் இடது பக்கம் திருப்புகிறான்.

பதில்: ரோபோ அவனைப் பார்த்து நிற்கும்போது அதன் வலது அவனுக்கு இடதுதானே. ரோபோவுக்குப் பின்னால் நிற்கவைத்து, அவனே அந்தக் கட்டளைப்படி நடந்து பார்க்கட்டும். 1967இல் பிள்ளைகளுக்காக உருவான லோகோ என்ற புரோகிராமிங் மொழியோடு பின்னால் தரையில் ஊரும் ஆமை ரோபோ சேர்ந்தது. நீயே ஆமையாகி நடந்து பார் என்பதுதான் லோகோவை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பாப்பர்ட் பிள்ளைகளுக்குக் காட்டிய வழி.

கேள்வி: திரைக்கு எப்போது மாற்றலாம் மேடம்?

பதில்: அவசரமே இல்லை. திரையில் பிளாக்குகளைக் கோத்து புரோகிராம் செய்யும் மென்பொருள்களில் ஸ்க்ராட்ச் ஜூனியர் 5 முதல் 7 வயதுக்கானது, ஸ்க்ராட்ச் 8 வயதிலிருந்து. பிளாக்கை மாட்டும் முன்னாலேயே என்ன நடக்கும் என்று பிள்ளை தானாகச் சொல்ல ஆரம்பித்தால் மாற்றுங்கள்.

கேள்வி: வகுப்பில் நாலு பேருக்கு ஒரு கிட்தான்.

பதில்: இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் சொல்ல, இன்னொருவர் மாட்ட, கொஞ்ச நேரத்தில் இடம் மாறட்டும். மற்ற ஜோடி அதுவரை தங்கள் ரோபோவைப் படமாக வரையட்டும்.